படகு வாங்கியாச்சு... எங்கே நிறுத்துவது?

``காயக் ஒண்ணு வாங்கிடலாமா? பசங்களுக்கும் ஜாலியா இருக்கும்.''

``வாங்குங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா எங்கே வைப்பீங்க? நம்ம லிஃப்ட்ல ஏறுமா?''

முட்டுக்காட்டில் ஆசை தீரத் துடுப்பு போட்டுவிட்டு வீடு திரும்பும் எந்தக் காருக்குள்ளும் இப்படியொரு பேச்சு எழலாம். இதில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். சொந்தப் படகு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஓடினாலே அதிகம். மீதி நேரமெல்லாம் எங்கோ ஓரிடத்தில் சும்மா நிற்கிறது. வெயிலும் மழையும் உப்பும் எலியும் அதைத் தேடி வருவது அப்போதுதான்.

கட்டுமரம் சொல்லித்தந்த பாடம்

இது நம் மீனவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. கடலுக்குப் போய் வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் தனித்தனியாக உலரப் போடுவது கட்டுமரக்காரர்களின் வழக்கம். ஊறிய மரம் கனக்கும், சீக்கிரம் உளுத்துப்போகும். இன்று மரம் போய் ஃபைபர், பிளாஸ்டிக், ரப்பர் என்று வந்துவிட்டாலும் விதி மாறவில்லை. கரைக்கு வந்த படகு நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டும், பிறகு நன்றாகக் காய வேண்டும்.

எந்தப் படகை எப்படி வைப்பது?

* பிளாஸ்டிக் காயக்: பெரும்பாலும் 10 முதல் 12 அடி நீளம், 20 முதல் 30 கிலோ எடை. அடிப்பாகம் தரையில் அழுந்தும்படி மாதக்கணக்கில் போட்டுவைத்தால், வெயில் சூட்டில் பிளாஸ்டிக் இளகிக் குழி விழும். பக்கவாட்டில் சாய்த்தோ, கவிழ்த்தோ வைப்பது நல்லது. கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது. இரண்டு இடங்களில் அகலமான பட்டை கொடுத்துத் தாங்க வேண்டும்.

* காற்றடைக்கும் படகு: ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு ஏற்றது. பரணிலேயே அடங்கிவிடும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். எலி கடித்தால் செலவு வைக்கும். காற்றோடு வெயிலில் விட்டுவிட்டால், உள்ளே காற்று சூடேறி விரிந்து தையல், ஒட்டு எல்லாம் விட்டுப்போகலாம்.

* எஞ்சின் வைத்த ஃபைபர் படகு: இதற்கு டிரெய்லரும் கூரை போட்ட இடமும் வேண்டும். தொடர்ந்து வெயில் பட்டால் மேற்பூச்சு மங்கி, கை வைத்தாலே சுண்ணாம்பு போல ஒட்டும். கடல் நீரில் இறங்கி ஏறிய டிரெய்லரையும் கழுவ வேண்டும். இல்லையென்றால் சக்கர பேரிங்கில் துரு ஏறிவிடும்.

தண்ணீரிலா, தரையிலா?

தண்ணீரிலேயே கட்டிவைத்தால் நினைத்தவுடன் கிளம்பலாம். ஆனால், வெதுவெதுப்பான நம் கடலில் சில வாரங்களிலேயே அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஏறிவிடும். வேகம் குறையும், பெட்ரோல் கூடும். மாதக்கணக்கில் நீரிலேயே கிடக்கும் ஃபைபரில் ஈரம் ஊறிக் கொப்புளங்களும் வரலாம்.

பெரிய படகுக்காரர்களுக்கு மரீனா, கிளப் என்று வழி உண்டு. சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. கொச்சி போல்காட்டி தீவில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மரீனா இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. இரவுக் காவல் உண்டா, கழுவ நல்ல தண்ணீர் கிடைக்குமா, புயல் எச்சரிக்கை வந்தால் படகை யார் மேலே ஏற்றுவார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

கடற்கரை மணலில் விட்டுவைப்பதாக இருந்தால், அந்த ஊர் மீனவர்களிடம் பேசாமல் செய்யக் கூடாது. காலியாகத் தெரியும் அந்த இடம் அவர்கள் படகு ஏற்றும் வழியாக இருக்கலாம்.

மழைக்காலக் கணக்கு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கிழக்குக் கரையில் படகுக்குச் சோதனைக் காலம். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் தண்ணீர். திறந்த படகின் பரப்பு 6 சதுர மீட்டர் என்றால், 10 செ.மீ. மழைக்கு 600 லிட்டர். அதாவது, ஒரே இரவில் 600 கிலோ! தண்ணீரில் நிற்கும் படகு இந்தப் பாரத்தில் மூழ்கலாம். டிரெய்லரில் நிற்கும் படகு டயரையும் அச்சையும் நசுக்கலாம். எனவே, தரையில் ஏற்றியதும் அடியில் இருக்கும் வடிகால் அடைப்பானைக் கழற்றி, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்த வேண்டும். மீண்டும் தண்ணீரில் இறக்கும் முன் அதை மாட்ட மறக்கக் கூடாது.

தேங்கிய மழைநீரால் இன்னோர் ஆபத்தும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். தார்ப்பாயின் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரே அதற்குப் போதும். வாரம் ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பது படகுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே நல்லது.

அடுத்து, காற்று. 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மொட்டைமாடியில் சும்மா கிடக்கும் 25 கிலோ காயக் அதற்கு எம்மாத்திரம்? அது பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலில் விழுந்தால் நஷ்டம் காயக்கோடு நிற்காது. மாடியில் வைக்க அசோசியேஷன் அனுமதி வாங்கி, சுவரில் கொக்கி அடித்து இரண்டு முனைகளையும் கட்டிவையுங்கள். மாடிப்படி வழியில் வைக்கவே கூடாது. தீ விபத்து என்றால் எல்லோரும் ஓடிவரும் வழி அது.

எஞ்சினும் பெட்ரோலும்

கடலில் ஓடிய அவுட்போர்டு எஞ்சினுக்குள் உப்பு படியும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரை உள்ளே ஓடவிட்டுக் கழுவ வேண்டும். பிறகு, நீர் முழுக்க வடியும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்க்கில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி எஞ்சினைக் கெடுக்கும். நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் கேனை சமையலறை, படுக்கையறை, இன்வெர்ட்டர் பக்கம் கொண்டுவரவே வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

கடைக்குப் போகும் முன் ஓர் அளவு டேப்பை எடுத்து வீட்டைச் சுற்றி வாருங்கள். 12 அடிக்கு நிழலான இடம் இருக்கிறதா? குழாய்த் தண்ணீர் எட்டுமா? இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வாசல் வரை திரும்ப முடியுமா? மூன்றுக்கும் `ஆமாம்' என்றால் காயக் வாங்கலாம். ஒன்றுக்கு `இல்லை' என்றாலும், காற்றடைக்கும் படகைப் பாருங்கள். அதற்கும் பரணில் இடமில்லையா? மாதம் ஒரு ஞாயிறு வாடகைப் படகில் போய் வாருங்கள். குழந்தைகளுக்கு அதிலும் அதே சந்தோஷம்தான். நிறுத்தும் கவலை படகுக்காரருடையது!