உங்களுக்குத் தெரியுமா? ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் இரண்டு திசையில் துள்ளும்!

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்குள் காற்றுத் தொட்டி கிடையாது. விசையை அழுத்தியதும் இறுகியிருந்த சுருள்வில் பிஸ்டனை முன்னே தள்ளும். அதனால் அழுந்தும் காற்றுதான் பெல்லட் என்னும் சிறு குண்டை விரட்டுகிறது. பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் நிற்கும்போது முன்னால் துள்ளும். பெல்லட் குழலுக்குள் இருக்கும்போதே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். ஆகவே இறுக்கிப் பிடிக்காதீர்கள். உள்ளங்கையில் தளர்வாகத் தாங்குங்கள். பின்னுதைப்பை மட்டும் தாங்கச் செய்த, குறிபார்க்கும் தொலைநோக்கி இந்த முன்துள்ளலில் உடைந்துபோகலாம். ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.

உயர்தர வரிசையில் இரண்டு பெயர்கள்: 1899-இல் தொடங்கிய ஜெர்மனியின் வைராவ் நிறுவனத்தின் எச்.டபிள்யூ.97, இங்கிலாந்தின் ஏர் ஆர்ம்ஸ் டி.எக்ஸ்.200. இரண்டிலும் குழல் மடங்காது. அடியிலுள்ள நெம்புகோலை இழுத்துத்தான் வில்லை இறுக்க வேண்டும். குழல் அசையாததால் குறியும் நிலைத்து நிற்கும்.

மெருகேற்றுவது என்றதும் வேகத்தைக் கூட்டத்தான் பலருக்கும் ஆசை. ஆனால் வேகத்தோடு பெல்லட்டின் ஆற்றலும் கூடும், அதற்குச் சட்ட எல்லை உண்டு: இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டைத் தாண்டினால் உரிமம் வேண்டும். ஜெர்மனியில் உரிமமில்லாத வகைக்கு 7.5 ஜூல்தான் எல்லை. உண்மையான வேலை உள்ளே இருக்கிறது. வில்லைத் தாங்கும் தண்டு தொளதொளவென்று இருந்தால் சுடும்போது ‘டொய்ங்’ என்று அதிரும். அளவாகக் கடைந்த தண்டும், நல்ல பிஸ்டன் சீலும், மெல்லிய கிரீஸ் பூச்சும் போதும், அந்த அதிர்வு அடங்கிவிடும். சாதாரண எண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்: அழுந்தும் காற்றின் சூட்டில், டீசல் என்ஜினில் போலவே, அது பற்றிக்கொண்டு சீலைக் கெடுத்துவிடும்.