பெரிய பிரேக்குக்குப் பழைய வீலில் இடம் இருக்கிறதா?

பெரிய பிரேக் செட்டை வாங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டி, கடைசியாக வீலைத் தூக்கி வைக்கும்போதுதான் பலருக்குச் சிக்கல் தெரியவருகிறது. வீல் ஹப்பில் உட்காராது. ஸ்போக்கின் முதுகு காலிப்பரில் முட்டிக்கொண்டு நிற்கும். வாங்கிய செட்டைத் திருப்பித் தரமுடியாமல், புது வீலுக்கும் சேர்த்துச் செலவு செய்தவர்கள் நிறைய. வாங்குவதற்கு முன்பே ஓர் அட்டையும் கத்தரிக்கோலும் இருந்தால் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயம் இது.

ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரை எடுத்துக்கொள்வோம். சாதாரண ஜிடிஐயின் முன் டிஸ்க் 312 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. தடிமனும் கொண்டது. பெர்ஃபார்மன்ஸ் பேக் சேர்த்து வாங்கிய வண்டிகளிலும், அண்ணன் காரான கோல்ஃப் ஆர்-இலும் அது 340 மி.மீ., 30 மி.மீ. வெளிச்சந்தையில் ஏ.பி. ரேசிங், பிரெம்போ, ஸ்டாப்டெக் போன்ற நிறுவனங்களின் நான்கு பிஸ்டன், ஆறு பிஸ்டன் காலிப்பர்கள் கிடைக்கின்றன. வண்டியில் இருப்பதோ 18 அங்குல வீல். ஏழரை அங்குல அகலம், ஆஃப்செட் 49; அதாவது ஹப்பில் உட்காரும் பரப்பு வீலின் நடுக்கோட்டிலிருந்து 49 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது. இதற்குள் எது நுழையும்?

அதற்கு முன்னால், எதற்காக மாற்றுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கிறது என்றால், டயரின் பிடிமானம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரம் பெரிதாகக் குறையாது. நல்ல டயர் போட்டால் குறையும். பெரிய பிரேக் பயன்படுவது வெப்பத்தைச் சமாளிக்க. 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, சுமார் 580 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். 200 கி.மீ. வேகத்திலிருந்து என்றால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அதில் எழுபது சதவீதம் முன் பிரேக்குக்குப் போகிறது, டிஸ்க் ஒன்று 9 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100-லிருந்து ஒருமுறை நிறுத்தும்போது டிஸ்க்கின் சூடு ஏறத்தாழ 45 டிகிரி கூடும். 200-லிருந்து என்றால் 190 டிகிரி வரை. டிஸ்க் 11 கிலோ ஆனால் அந்த 190 என்பது 150 பக்கம் இறங்கிவிடும். கனமான தோசைக்கல் மெல்ல மெல்லச் சூடேறுவதைப் போலத்தான்.

ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றில், 20.8 கி.மீ. நீளத்துக்கு மேடும் பள்ளமுமாக ஓட்டிப் பார்ப்பவருக்கு ஒரே சுற்றில் தெரிந்துவிடும். அங்கேயும்கூட முதலில் மாற்றவேண்டியவை பேடும் பிரேக் ஆயிலும்தான் என்பது என் உறுதியான கருத்து. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் அந்த வரம்பு 155 மட்டுமே. ஆயில் கொதித்து உள்ளே குமிழி வந்துவிட்டால், பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரைக்கும் இறங்கும். புது ஆயிலும் சூடு தாங்கும் பேடும் போட்டும் போதவில்லை என்றால்தான் பெரிய டிஸ்க்கைப் பற்றி யோசிக்கவேண்டும்.

இனி இடம். "18 அங்குல வீல், 340 டிஸ்க் நுழையும்" என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. பார்க்கவேண்டிய இடைவெளி இரண்டு. ஒன்று, காலிப்பரின் வெளி விளிம்புக்கும் ரிம்மின் உள்சுவருக்கும் நடுவில் இருப்பது. இது பெரும்பாலும் வீலின் அங்குலக் கணக்கைப் பொறுத்தது. இன்னொன்று, காலிப்பரின் முகத்துக்கும் ஸ்போக்கின் முதுகுக்கும் நடுவில் இருப்பது. பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவதில்தான்.

காரணம் காலிப்பரின் அமைப்பு. கம்பெனி போட்டுத் தந்த காலிப்பர் நகரும் வகை. பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கும். ஸ்போக் பக்கம் வருவது மெலிந்த இரும்பு விரல்கள்தான். நான்கு பிஸ்டன் காலிப்பர் நிலையான வகை. இரண்டு பிஸ்டன் வெளிப்பக்கமும் இருப்பதால், அந்தப் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ஒரே விட்டமுள்ள டிஸ்க்காக இருந்தாலும், கோல்ஃப் ஆர் காலிப்பர் நுழைகிற வீலில் நான்கு பிஸ்டன் காலிப்பர் முட்டலாம். வீலின் அளவும் ஆஃப்செட்டும் ஒன்றாகவே இருந்தாலும், ஸ்போக் உள்வாங்கி வளைந்திருக்கும் டிசைன் முட்டும், நேராக எழும்பி நிற்கும் டிசைன் தப்பிக்கும். அளவு எண்களை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. வீலைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும்.

நல்ல நிறுவனங்கள் காலிப்பரின் வெட்டுவடிவத்தை உண்மையான அளவில் படமாகத் தருகின்றன. அதை அச்சிடும்போது சுருக்கவோ பெருக்கவோ கூடாது. படத்தில் உள்ள அளவுகோலை ஸ்கேல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். கழற்றிய வீலை முகம் கீழே இருக்கும்படி படுக்கவையுங்கள். ஹப் உட்காரும் தட்டையான பரப்பில் அட்டையின் அடி விளிம்பு படியவேண்டும். அட்டையில் குறித்த மையம் வீல் துளையின் மையத்தோடு பொருந்தவேண்டும். அப்படியே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எந்த ஸ்போக்கிலும் உள்சுவரிலும் உரசாமல், சுற்றிலும் 3 மி.மீ. இடம் இருந்தால் நிம்மதி. திருப்பத்தில் பாரம் ஏறும்போது வீல் கொஞ்சம் நெளியும், சூட்டில் உலோகம் விரியும். அதற்காகத்தான் அந்த 3 மி.மீ. பேலன்சிங் செய்தபோது உள்ளே ஒட்டிய வெயிட்டையும் கவனியுங்கள். அது 4, 5 மி.மீ. இடத்தைத் தின்றுவிடும். ஆனால் வேறு வரிசைக்கு மாற்றி ஒட்டிவிட முடியும்.

ஸ்போக்கில் 2, 3 மி.மீ. மட்டும் குறைந்தால், ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் தட்டு உதவும். உள்சுவரில் குறைந்தால் உதவாது; வேறு வீல்தான் வழி. 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஆஃப்செட் 49 என்பது 44 ஆகிறது, டயர் அவ்வளவு வெளியே வருகிறது, மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். கோல்ஃபின் ஹப் நடுவில் துருத்திநிற்கும் மூக்கின் விட்டம் 57.1 மி.மீ.; ஸ்பேசர் அந்த மூக்கை முழுக்க விழுங்கிவிட்டால் வீல் மையத்தில் உட்காராமல் நடுங்கும். வீல் போல்ட் எம்14 அளவு. ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளம் கூடிய போல்ட் வேண்டும். குறைந்தது 14 மி.மீ. ஆழத்துக்காவது மரை ஏறவேண்டும். போல்ட் தேவைக்கு மேல் நீண்டு, ஹப்பின் பின்னால் எதிலாவது இடிப்பதும் ஆபத்து. கம்பெனி வீலுக்கு உருண்டை முகப்பு போல்ட், வெளி வீலுக்குப் பெரும்பாலும் கூம்பு முகப்பு. இரண்டையும் மாற்றிப் போட்டால் இறுக்கம் நிற்காது.

பிஸ்டன் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவேண்டாம். 57 மி.மீ. ஒற்றைப் பிஸ்டனின் பரப்பு சுமார் 25.5 சதுர செ.மீ. நிலையான காலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும்: 38, 42 மி.மீ. ஜோடி என்றால் 25.2. அழுத்தும் விசை கிட்டத்தட்ட அதேதான். ஒரு விதத்தில் இது நல்லதே. பரப்பு மிகவும் கூடினால் பெடல் நீளமாக இறங்கும். முன் பக்கம் மட்டும் கடுமையாகப் பிடித்து, பின் பிரேக் சும்மா இருக்கும். டிஸ்க் பெரிதானால் பேடு அழுத்தும் இடம் மையத்திலிருந்து தள்ளிப்போவதால், பிடிப்பு ஏற்கெனவே பத்துச் சதவீத அளவுக்குக் கூடியிருக்கும். அதை ஈடுகட்டும்படி பிஸ்டன் அளவைத் தேர்ந்த செட்டை வாங்குவதே சரி.

மாட்டியபின், வீலைப் போடுவதற்கு முன் காலிப்பரின் மேட்டில் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள். போல்ட்டை இறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றினால், மிஞ்சிய களிமண்ணின் தடிமனே உண்மையான இடைவெளி. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள்; வண்டி ஜாக்கியில் தொங்கும்போதும் பாருங்கள். ஜெர்மனியில் இப்படி மாற்றினால், செட்டோடு வந்த சான்றிதழைக் காட்டி, டியூஃப் போன்ற பரிசோதனை அமைப்பிடம் ஒப்புதல் பெறவேண்டும். இல்லாவிட்டால் வண்டியைச் சாலையில் ஓட்டும் அனுமதிக்கே பாதிப்பு வரலாம்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியையும் இதே அட்டையை வைத்து அளந்துவிடுங்கள். அது 16 அங்குலமாக இருந்தால் 340 டிஸ்க்கின் மேல் ஏறாது. அப்படியானால் முன் டயர் பஞ்சரானால் பின்வீலைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டவேண்டியிருக்கும். பின் பிரேக்கையும் பெரிதாக்கியிருந்தால் அந்த வழியும் அடைபடலாம். பனிக்காலத்துக்கென்று தனியாக 16 அங்குல வீல் செட் வைத்திருப்பவர்கள் அதற்கும் சேர்த்துப் பட்ஜெட் போடவேண்டும்.