நோயுற்ற குழந்தையின் இல்லத்தில் செவிகொடுத்தல்

சபைப் பொறுப்பேற்றிருக்கும் நம் ஒவ்வொருவருடைய இல்லச் சந்திப்பிலும் நெடுநாள் நோயுற்ற குழந்தையுள்ள வீடு ஒன்றேனும் இடம்பெறும். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமி, சில வாரங்களுக்கொருமுறை இரத்தம் ஏற்றப்பெறும் சிறுவன், எவ்வேளையில் வலிப்பு வருமோ என்று பெற்றோர் கண்ணயராது காக்கும் குழந்தை என இவர்களை நாம் அறிவோம். இவர்களுள் பலர் விரைவில் மரிக்கப்போகிறவர்கள் அல்லர். முற்றும் குணமடையப்போகிறவர்களும் அல்லர். மரணத் தறுவாயில் இருப்போருக்கும், குணமடைந்து நன்றி செலுத்துவோருக்கும் நம்மிடம் ஜெபங்களும் ஒழுங்குகளும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே பத்து, இருபது ஆண்டுகள் வாழவேண்டியிருக்கும் குடும்பத்தாரிடம் என்ன பேசுவது என்று அறியாமல் நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

மருத்துவ முன்னேற்றமே இத்தகைய இல்லங்களைப் பெருகச் செய்தது. 1922-ஆம் ஆண்டு டொராண்டோ நகரில் இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர், குழந்தைப் பருவத்தில் தோன்றும் நீரிழிவு உயிரைப் போக்கும் நோயாகவே இருந்தது. பின்னர் அது வாழ்நாள் முழுவதும் பேணவேண்டிய நோயாயிற்று. கொல்லும் நோய் உடன்வாழும் நோயாக மாறும்போது, மருத்துவமனையின் பொறுப்பில் பெரும்பகுதி வீட்டிற்கு வந்து சேருகிறது. அவ்வீட்டில் நடப்பது என்ன என்பதைக் குடும்பத்தாரிடமே கேட்டறிய முயன்ற சில ஆய்வுகளை இக்கட்டுரையில் நோக்குவோம். அவை நமக்குக் கற்பிப்பவை பல. நம்மைக் கடிந்துகொள்பவையும் உண்டு.

பண்புசார் ஆய்வு என்பது யாது?

ஒரு நோய் எத்தனை குழந்தைகளைத் தாக்குகிறது, எந்த மருந்து எத்தனை பேருக்குப் பயன்படுகிறது என்பன எண்ணி அறியத்தக்கவை. ஆனால் ஒரு தாய்க்கு அந்நோய் என்ன பொருளுடையதாயிருக்கிறது என்பதை எண்ணிக் காண இயலாது, கேட்டுத்தான் அறியவேண்டும். இவ்வாறு சிலரிடம் நீண்ட நாள் பழகி, உரையாடி, உடனிருந்து நோக்கி, அவர்தம் சொற்களிலேயே அவர்களுடைய அனுபவத்தை விளங்கிக்கொள்ள முயல்வதையே பண்புசார் ஆய்வு என்கிறோம். பத்துப் பதினைந்து குடும்பங்களைக் கொண்டு நாடு முழுவதற்கும் கணக்குச் சொல்ல முடியாது என்பது உண்மையே. எனினும், எண்ணத் தொடங்குமுன் எதை எண்ணவேண்டும் என்பதையும், எண்களின் பின்னே மறைந்திருப்பது எது என்பதையும் இவ்வாய்வு காட்டுகிறது.

பால்டிமோர் நகரின் பதினான்கு குடும்பங்கள்

இத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று, அமெரிக்கச் சமூகவியலாளர் ஃபிரெட் டேவிஸ் 1963-இல் வெளியிட்டது. இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட குழந்தைகளையுடைய 14 குடும்பங்களை அவர் பால்டிமோர் நகரில் நெடுங்காலம் தொடர்ந்து சந்தித்தார். அவர் கண்டவற்றுள் நம் சிந்தனைக்குரியது ஒன்றுண்டு. நோய் தொடங்கிய நாட்களில் குழந்தையின் கால்கள் எந்த அளவுக்கு மீளும் என்பது மருத்துவர்க்கே தெரியாது. அது மெய்யான நிச்சயமின்மை. சில வாரங்கள் சென்றபின் மருத்துவர்கள் ஓரளவு உறுதியாக அறிந்துகொண்டார்கள். எனினும் பெற்றோரிடம், இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்றே கூறிவந்தார்கள். பெற்றோரின் கண்ணீரையும் கேள்விகளையும் எதிர்கொள்வதினும் அவ்வாறு சொல்வது எளிதாயிருந்தது. அறியாமை நீங்கிய பின்னும் அதைப் போர்வையாக வைத்துக்கொள்ளும் இப்பழக்கத்தை டேவிஸ் மெய்யான நிச்சயமின்மையினின்று பிரித்துக் காட்டினார்.

மருத்துவர்மீது குற்றஞ்சாட்டுவதற்கு முன் நாம் நம்மைச் சோதித்தறிதல் நலம். கடவுளின் சித்தம் நமக்குத் தெரியாது என்று சொல்வது பல வேளைகளில் மெய்யான தாழ்மையாகும். ஆனால் சில வேளைகளில், உரையாடலை முடித்துக்கொண்டு விடைபெறுவதற்கு அது நமக்கு வசதியான வாசகமாகிவிடுகிறது அன்றோ?

முடிவுறாத துயரம்

சைமன் ஒல்ஷான்ஸ்கி என்பவர் அமெரிக்காவில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோரிடையே ஆலோசனைப் பணி புரிந்தவர். 1962-இல் எழுதிய சிறு கட்டுரையில் இப்பெற்றோரின் நிலையை நீடித்த துயரம் எனக் குறிப்பிட்டார். அத்துயரம் சில நாட்களில் தணியும், சில நாட்களில் மீண்டும் எழும். ஆனால் குழந்தை உயிரோடிருக்கும்வரை முற்றிலும் நீங்குவதில்லை. அது மனநோயன்று, இயல்பான மறுமொழியே என்று அவர் வலியுறுத்தினார். நிலைமையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வல்லுநர் அவர்களை நெருக்குவதால் சுமை கூடுமேயன்றிக் குறையாது என்பதும் அவர் கருத்து.

உடன்வயதுப் பிள்ளைகள் பள்ளியில் சேரும் நாளும், பருவமெய்தும் நாளும் இத்துயரம் மீண்டும் எழும் வேளைகள் எனப் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினர். நம் சபைகளில் இதற்கு ஒப்பான நாட்களை நாமே குறிப்பிடலாம்: ஞாயிறு பள்ளி ஆண்டு விழா, திடப்படுத்தல் ஆராதனை, அண்டை வீட்டுப் பிள்ளையின் திருமணம். இந்நாட்களில் ஒரு தாய் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து இடையிலேயே எழுந்து செல்வாளாயின், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணுவது தவறாகும்.

குழந்தைகள் அறிந்திருப்பது

மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978-இல் வெளியிட்ட நூல் இவ்வாய்வுகளுள் நம் உள்ளத்தை மிகவும் கலக்குவது எனலாம். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி மருத்துவமனை ஒன்றில், இரத்தப் புற்றுநோயுற்ற மூன்று முதல் ஒன்பது வயதுள்ள குழந்தைகளோடு அவர் விளையாடியும் உரையாடியும் நாட்களைக் கழித்தார். இன்று தக்க சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் அந்நோயுற்ற குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். 1970-களின் தொடக்கத்தில் நிலைமை அவ்வாறில்லை. தாங்கள் மரிக்கப்போவதைக் குழந்தைகளிடம் எவரும் சொல்லவில்லை. ஆயினும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அவ்வறிவு படிப்படியாக வந்தது. தமக்கு வந்திருப்பது கடுமையான நோய் என்பதை முதலில் அறிந்தார்கள். மருந்துகளின் பெயர்களையும் பக்கவிளைவுகளையும் அடுத்து அறிந்தார்கள். பின்னர் ஒவ்வொரு சிகிச்சையின் நோக்கத்தையும் அறிந்தார்கள். நோய் தணிவதும் திரும்புவதுமாக மாறிமாறி வரும் என்பது அதன்பின் தெரிந்தது. இது என்றும் தொடராது, மரணத்தில் முடியும் என்பது இறுதியாக விளங்கியது. உடனிருந்த குழந்தை ஒன்று மரித்த செய்தி பெரும்பாலும் இக்கடைசி அறிவைத் தந்தது. இதற்கு வயதோ கூர்மதியோ அளவுகோலாயிருக்கவில்லை, அனுபவமே அளவுகோல். நோய் பலமுறை திரும்பக் கண்ட சிறு குழந்தை, அவ்வனுபவமில்லாத ஒன்பது வயதுச் சிறுவனைவிட மிகுதியாக அறிந்திருந்தது.

இவ்வாறு அறிந்தும் அவர்கள் பெற்றோரிடம் அதைப் பேசவில்லை. பேசினால் பெரியவர்கள் கலங்கி விலகிப்போவார்கள் என்பதைக் கண்டிருந்தார்கள். பெற்றோர் பெற்றோராயிருக்கவும், மருத்துவர் மருத்துவராயிருக்கவும் இடங்கொடுத்து, ஒன்றும் அறியாதவர்போல் நடந்துகொண்டார்கள். பெற்றோரும் அவ்வாறே நடந்தனர். குழந்தைகளைக் காப்பது நாமே என்று எண்ணியிருக்கும்போது, குழந்தைகளே நம்மைக் காத்துக்கொண்டிருக்கின்றனர்.

இதனை வாசித்தபோது நம் பணியின் முற்பகுதியில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நீரிழிவு நோயுள்ள பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் வீட்டிற்கு நாம் வாரந்தோறும் சென்று, பூரண சுகம் வேண்டி ஜெபித்துவந்தோம். எப்படியிருக்கிறாய் என்று கேட்கும்போதெல்லாம், “நல்லாயிருக்கேன், ஐயா” என்று சிரித்த முகத்தோடு சொல்லுவாள். பல ஆண்டுகளுக்குப்பின் அவளுடைய தாயார் ஒரு நாள் சொன்னார்: “நீங்க வர்ற நேரத்துல ஊசியையும் மருந்துப் புட்டியையும் ஒளிச்சு வைக்கச் சொல்லுவா, ஐயா. பார்த்தா ஐயாவுக்கு வருத்தமா இருக்கும், இவ்வளவு ஜெபம் பண்றாங்களேன்னு சொல்லுவா.” அன்று நாம் ஆறுதல் கூறச் சென்றோம், ஆனால் ஆறுதல் கூறும் சுமை அச்சிறுமியின்மேல் விழுந்திருந்தது.

உடன்பிறந்தோர்

இதே ஆசிரியர் 1996-இல் வெளியிட்ட மற்றொரு நூல், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பற்றியது. நுரையீரலில் பிசுபிசுப்பான சளி தேங்குவதால் மார்பையும் முதுகையும் நாள்தோறும் தட்டிச் சளியை வெளியேற்றுவது அந்நோயுற்றோர்க்கு வழக்கமான சிகிச்சை. இவ்வேலைகளை அன்றாட வழக்கமாக்கிக்கொள்ளுதல், இயல்பான வாழ்வு எது என்பதைப் புதிதாக வரையறுத்தல், எதிர்காலத்தைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொள்ளுதல் முதலிய வழிகளால் பெற்றோர் நோயை வாழ்வின் ஓர் எல்லைக்குள் நிறுத்தி வைக்கின்றனர். சுகமுள்ள பிள்ளைகளோ இவற்றையெல்லாம் ஓரத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்கின்றனர். நோயுற்ற குழந்தையின் தலைமீது கைவைத்து ஜெபிக்கும் நாம், கதவருகே நிற்கும் அண்ணன் அல்லது தங்கையின் பெயரைக் கேட்டதுண்டா?

ஓர் எச்சரிக்கை

பெற்றோர் சொல்வதை அப்படியே அவர்களுடைய உள்ளத்தின் படம் என்று கொள்ளலாமா? பிரித்தானியச் சமூகவியலாளர் மார்கரெட் வாய்சி 1975-இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவை எழுப்பினார். ஊனமுற்ற குழந்தைகளின் பெற்றோர் பேசும்போது, நல்ல பெற்றோர் எவ்வாறு பேசவேண்டும் என்று சமுதாயம் எதிர்பார்க்கிறதோ அதற்கேற்பவே தம் அனுபவத்தை எடுத்துரைக்கின்றனர் என்பது அவர் கருத்து. அது பொய்யன்று, எனினும் கேட்பவர் யார் என்பது சொல்லப்படுவதை உருவாக்குகிறது.

யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனுடைய பெற்றோரை நாம் அதிகமாகக் கவனிப்பதில்லை. சமய அதிகாரிகள் விசாரித்தபோது, அவன் தங்கள் மகனே என்பதையும் குருடனாய்ப் பிறந்தான் என்பதையும் மட்டும் சொல்லி, மற்றவற்றை அவனிடமே கேட்கச் சொல்லி ஒதுங்கினார்கள். ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோம் என்ற பயமே அதற்குக் காரணம் என்று சுவிசேஷகர் விளக்குகிறார். சமய அதிகாரமுடைய ஒருவர் முன்னிலையில் பெற்றோர் அளந்து பேசுவது அன்றே நிகழ்ந்தது. ஆண்டவர் நடத்துகிறார், ஐயா, என்று நம்மிடம் சொல்லும் தகப்பனார் அதை மனப்பூர்வமாகவே சொல்லலாம். நம் அங்கியைப் பார்த்தும் சொல்லலாம்.

நம் பணிக்கு

மேய்ப்பர் ஆய்வாளர் அல்லர்; குடும்பத்தாரின் துயரத்தைக் குறிப்பேட்டில் எழுதிச் செல்வது நம் வேலையன்று. ஆயினும் நல்ல ஆய்வாளரின் பொறுமையை நாம் கற்றுக்கொள்ளலாம். ஒரே கேள்வியோடு நில்லாமல், இந்த வாரம் எந்த நாள் கடினமாயிருந்தது என்று கேட்கலாம். ஜெபிக்குமுன், எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று குழந்தையிடமே கேட்கலாம். சுகத்தை அல்ல, நாளைய பரீட்சையை அது சொல்லக்கூடும். சுகம் வேண்டி ஜெபிப்பதை விட்டுவிடவேண்டும் என்பதன்று நம் கருத்து. அந்த ஜெபம் நிறைவேறாத நாளிலும் குழந்தை நம்முன் மறைக்கவேண்டியது ஒன்றுமில்லை என்பதை அது அறிந்திருக்கவேண்டும்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் அவனோடு தரையில் அமர்ந்து மௌனமாயிருந்தார்கள். அவர்கள் செய்த பணியில் குறையற்றது அதுவே. நாமும் அவ்வாறு அமர்ந்திருக்கக் கற்றால், என்றேனும் ஒரு நாள் ஊசியும் மருந்துப் புட்டியும் நம் கண்ணெதிரே மேசைமேல் இருக்கும்.