தென்னைத் தண்டில் சாறு வடிகிறதா? தார் பூசும் முன் இதைப் பாருங்கள்

தென்னை மரத்தின் தண்டில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிவதைக் கண்டதும் பலரும் செய்வது, கடைக்குப் போய்த் தார் வாங்கி வந்து பூசுவதுதான். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கத்துத் தோப்பானாலும் மணப்பாறை பக்கத்துக் கிணற்றுப் பாசனத் தோட்டமானாலும் இதே கதைதான். ஆனால் மூன்று வெவ்வேறு கோளாறுகளில் இப்படிச் சாறு வடியும். அதில் ஒன்று பக்கத்து மரங்களையும் கொண்டுபோய்விடும்.

முதலில் சாறு எந்த இடத்தில் வடிகிறது என்று பாருங்கள். தரையை ஒட்டிய அடிப்பாகத்தில் தொடங்கி மேல்நோக்கி ஏறினால், அடிமட்டைகள் மஞ்சளாகித் தண்டோடு ஒட்டித் தொங்கினால், குரும்பையும் கொட்டினால், அது தஞ்சாவூர் வாடல் நோய். அடித்தண்டழுகல் என்பதும் இதுதான். 1952-ல் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சணம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிறது. சந்தேகம் இருந்தால் தூர்ப்பக்கம் லேசாகத் தோண்டி வேரைப் பாருங்கள், அழுகி நிறம் மாறியிருக்கும். மழைக்காலத்தில் தூரில் தட்டையான காளான் முளைக்கும். காளான் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அது தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

தொடக்கத்திலேயே கண்டால் மரத்தைக் காப்பாற்றலாம். மரத்தைச் சுற்றி 5 அடி வட்டத்தில் ஒரு சத போர்டோ கலவையை 40 லிட்டர் ஊற்ற வேண்டும். இதற்கு மயில்துத்தம் 400 கிராம், சுட்ட சுண்ணாம்பு 400 கிராம் தேவை. இரண்டையும் தனித்தனியே 20 லிட்டர் நீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான் ஆகும். வேர் வழியாக ஹெக்சகோனசோல் 2 மில்லியை 100 மில்லி நீரில் கலந்து 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். பென்சில் பருமனுள்ள உயிர்வேரைச் சாய்வாகச் சீவி மருந்துப் பைக்குள் விட்டுக் கட்டுங்கள். காய்களை முன்கூட்டியே பறித்துவிட வேண்டும். அடுத்த பறிப்பு 45 நாள் கழித்துத்தான்.

ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் 50 கிலோ தொழுவுரமும் வையுங்கள். நோய் கண்ட மரத்தின் பாத்தியிலிருந்து அடுத்த மரத்துக்குத் தண்ணீர் ஓடக் கூடாது. செத்த மரத்தை வெட்டிவிட்டுத் தூரை மண்ணுக்குள் விடுவதுதான் நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு. வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டும். கோடையில் தண்ணீர் காட்ட முடிந்த தோப்பில் வாழையை ஊடுபயிராக வைத்தால் இந்த நோய் குறையும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. காவிரிப் படுகையில் வாழைக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது, தண்டின் வெடிப்புகளிலிருந்து சாறு கசிந்து கருப்பாகக் காய்வது. இது சாறு வடிதல் நோய். இதற்குத்தான் தார் உதவும். அதுவும் வெறுமனே பூசினால் போதாது. அழுகிய திசுவை உளியால் நல்ல பகுதி தெரியும்வரை செதுக்கி, போர்டோ பசை தடவி, இரண்டு நாள் கழித்துத் தார் பூசுங்கள். செதுக்கியதை அங்கேயே போடாமல் எரியுங்கள்.

மூன்றாவது, தண்டில் துளை, அதில் மென்று துப்பிய நார், குருத்துப் பக்கத்து மட்டைகள் வாடல். இது சிவப்புக் கூன்வண்டு. தண்டில் காதை வைத்தால் புழு கடிக்கும் சத்தம் கேட்கும். 5 முதல் 20 வயது மரங்களில் அதிகம். மேல் துளையில் மருந்து ஊற்றி மற்றவற்றைக் களிமண்ணால் அடைப்பது வழக்கம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டே வாங்குங்கள். மரம் ஏறத் தண்டில் படி வெட்டுவதை நிறுத்துங்கள், அந்தக் காயத்தில்தான் வண்டு முட்டையிடும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டுங்கள்.

எது என்று பிடிபடாவிட்டால் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். போகும்போது மரத்தின் முழுப் படம், சாறு வடியும் இடத்தின் படம், கொஞ்சம் வேர் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.