மரக் கிண்ணம் கடைதல்

மரக் கிண்ணம் கடைதல் என்பது, சுழலும் மரத்துண்டின் மீது கூரிய உளியைப் பிடித்து, வேண்டாத பகுதியைச் சீவி நீக்கிக் கிண்ண வடிவம் கொண்டுவரும் தொழிலாகும். தச்சர்கள் இதைக் கடைசல் என்பர். இதற்கான எந்திரம் கடைசல் எந்திரம். பட்டறைகளில் லேத் என்றே வழங்குகிறது. மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பது பொருத்தமானதே. மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பது போலவே, பழைய கைலேத்தில் ஒருவர் கயிற்றை இழுக்க மற்றொருவர் உளி பிடிப்பார். மரம் ஒரு பக்கம் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும். மின்மோட்டார் வந்தபின் ஒருவரே இவ்வேலையைச் செய்ய முடிகிறது.

தமிழ்நாட்டில் கடைசல்

கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம், பூரிக்கட்டை ஆகியவை வீடுகளில் அன்றாடம் காணப்படும் கடைசல் பொருட்கள். திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் மரச்செப்புச் சாமான்களுக்குப் பெயர்பெற்றது. அங்கு சுழலும் பொருளின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் இதே முறை உண்டு. அங்கு வெட்பாலை மரம் பயன்படுகிறது.

செப்புக் கடைபவரின் திறமை பெரிது என்றாலும், அதைப் பார்த்து அப்படியே கிண்ணம் கடையத் தொடங்குவது சரியன்று. செப்புகளில் பெரும்பாலும் மரத்தின் நார், சுழலும் அச்சுக்கு இணையாக ஓடும். கிண்ணத்தில் நார் அச்சுக்குக் குறுக்காக ஓடும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை நாரின் முனையைச் சந்திக்கிறது. உளி, பிடிக்கும் முறை, ஆபத்து எல்லாமே இதனால் மாறுகின்றன.

மரம்

மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள கொட்டாம்பட்டி போன்ற ஊர்களில் இதற்கு விலை கொடுத்துப் பலகை வாங்கத் தேவையில்லை. காற்றில் சாய்ந்த வேம்பு, காய்ப்பு ஓய்ந்து வெட்டப்பட்ட மா, வேலியோரப் பூவரசு ஆகியவை விறகாகப் போகுமுன் கேட்டுப் பெறலாம். மா தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. புளி மிகக் கடினம், உளியை விரைவில் மழுக்கும். பிள்ளைகள் இலையில் பீப்பி செய்து ஊதும் பூவரசைப் பலர் மதிப்பதில்லை. ஆனால் ஹவாய்த் தீவு மக்கள் உணவுக் கிண்ணங்களுக்கு அம்மரத்தையே விரும்பினர். உணவில் அதன் சுவை இறங்காது என்பது காரணம். எட்டி, அரளி போன்ற நச்சு மரங்களைத் தொடவே கூடாது. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய இடங்களிலிருந்து மரம் எடுக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

உருண்டைக் கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவிலுள்ள மென்மையான சோற்றுப் பகுதியை நீக்கிவிட வேண்டும். அது கிண்ணத்தில் இருந்தால் வெடிப்பு ஏறக்குறைய உறுதி.

ஈர மரம் கடைய எளிது, காயும்போது கோணும். எனவே இரண்டு கட்டமாகக் கடைவர். முதலில் சுவரின் கனம் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு இருக்குமாறு முரட்டாகக் கடைவர். 20 செ.மீ. கிண்ணத்துக்கு 2 செ.மீ. கனம். பிறகு பல மாதங்கள் காயவிடுவர். நாரின் நீளவாக்கில் மரம் அதிகம் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். அதனால் வட்டம் முட்டை வடிவமாகும். மீதமுள்ள கனத்தில் மீண்டும் கடைந்து வட்டமாக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்தால் சில நாட்களிலேயே வெடித்துவிடக்கூடும். சணல் சாக்கில் அதன் சீவல்களோடு போட்டுக் காற்றுப்படாத மூலையில் வைப்பதே நல்லது. இந்தப் பொறுமை இல்லாமல் வீணாகும் மரம் கொஞ்சமன்று.

கடையும் முறை

மரத்தை இரும்புத் தட்டில் திருகாணியால் பொருத்தி, அடிப்பக்கம் வெளியே தெரியுமாறு வெளிப்புறத்தை முதலில் கடைவர். அடியில் சிறு குமிழ் விட்டுக்கொண்டால், திருப்பி அதைச் சக்கில் பிடித்து உட்புறம் கடையலாம். வெளிப்புறத்தில் அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் வெட்ட வேண்டும். அப்போதுதான் வெட்டப்படும் நாருக்குப் பின்னால் தாங்கும் நார் இருக்கும். எதிர்த்திசையில் வெட்டினால் பிய்ந்து சொரசொரப்பாகும். உளியை முதலில் தாங்குகட்டையில் ஊன்றி, சாணை பிடித்த சரிவு மரத்தில் உரசுமாறு வைத்து, பிறகே முனையைத் திருப்பி வெட்டவிட வேண்டும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அங்குலத்தில் குறுக்களவையும் நிமிடச் சுற்றுகளையும் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வரலாம். 8 அங்குலக் கிண்ணத்துக்கு இது 750 முதல் 1125 சுற்று. கோணல் மாணலான கட்டைக்கு இதைவிடக் குறைவாகவே தொடங்க வேண்டும்.

விபத்துகள்

கட்டில் கால் போன்ற நீளக் கட்டைகளை முரட்டாகச் சீவும் அகன்ற உளியைக் கிண்ணத்தில் பயன்படுத்தக் கூடாது. பிடிக்குள் செல்லும் அதன் வால் மெல்லியது. குறுக்கு நாரில் சிக்கினால் ஒடிந்து தெறிக்கும். கனத்த கம்பியில் பள்ளம் வெட்டிச் செய்த, கிண்ணத்துக்கான நகவுளியே வேண்டும். சிக்கனம் பார்க்கும் இடம் இதுவன்று.

மோட்டாரைப் போடுமுன் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்து, சக்குச் சாவியை எடுத்துவிட வேண்டும். கட்டை பறக்கக்கூடிய நேர்கோட்டில் நிற்கக் கூடாது. முகம் முழுவதையும் மறைக்கும் காப்பு தேவை. கண்ணாடி மட்டும் போதாது. வேட்டி, துப்பட்டா, கையுறை, மோதிரம் கூடாது. மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றையும் கழற்றிவிட வேண்டும். சுழலும் மரம் கயிறென்றும் கையென்றும் பார்க்காது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. எனவே உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம்.

எண்ணெய் பூசுதல்

உப்புத்தாளை 80இல் தொடங்கி 120, 180, 240, 320 எனப் படிப்படியாக மாற்ற வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் எண்ணெய் பட்டதும் தெரியும். சமையல் எண்ணெய்கள் பல உலராமல் பிசுபிசுக்கும், நாளடைவில் சிக்கு வாடையும் வரும். தூய ஆளிவிதை எண்ணெய் மெல்ல உலர்ந்து கெட்டிப்படும். மேலே தேன்மெழுகு தடவலாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அதை வெளியே விரித்து உலர்த்தியபின்பே குப்பையில் போட வேண்டும்.