பெருந்தீனி வாகனத்தின் நீண்ட ஆயுள்

மோட்டார் வாகனம் வாங்க உத்தேசிக்கும் எவரும் முதலில் கேட்பது, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதுதான். ஐந்து அல்லது ஆறு என்று பதில் வருமானால், கேட்டவர் மறுபேச்சின்றி வேறு வண்டியைத் தேடிப் போய்விடுவது இயல்பு. ஆயினும் ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களில், அவ்வளவு சொற்பமாகவே ஓடக்கூடிய ஒரு வாகனத்தை இருபது, முப்பது ஆண்டுகள் விடாமல் வைத்துப் பேணுகிறவர்கள் பலர் உண்டு. டொயோட்டா நிறுவனம் 1990-ஆம் ஆண்டு முதல் விற்ற 80-வரிசை லேண்ட் குரூசர், அதிலும் 1992-இல் அதற்குப் பொருத்தப்பட்ட 4.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினைக் கொண்டது, அத்தகைய வாகனம்.

அதன் வம்சம் பழையது. 1951-இல் ஜப்பானில் உருவான அதன் மூதாதை, ஃபூஜி மலையின் ஆறாவது நிலை வரை ஏறித் தன் வலிமையை நிரூபித்தது. லேண்ட் குரூசர் என்ற பெயர் 1954-இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைப் பகுதியில் 1949 முதல் 1974 வரை நடைபெற்ற மகத்தான நீர்மின் திட்டத்தில் ஒப்பந்தம் எடுத்திருந்த லெஸ்லி தீஸ் என்பவர், 1950-களின் பிற்பகுதியில் இவ்வாகனங்களைத் தருவித்து, சேறும் செங்குத்தும் நிறைந்த அந்த வேலைத்தலத்தில் ஓட்டுவித்தார். அந்நாட்டு மக்கள் இதன்மீது கொண்ட நம்பிக்கைக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

இதன் எரிபொருள் வேட்கையை ஒரு தனிக் குறையென்றும், இதன் உறுதியை ஒரு தனிச் சிறப்பென்றும் பிரித்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை. வார்ப்பிரும்புப் பிளாக்கைக் கொண்ட ஆறு சிலிண்டர் என்ஜின், உடற்கூட்டினின்றும் தனித்து நிற்கும் கனத்த சேஸிஸ், முன்னும் பின்னும் வளையாத முழு ஆக்சில்கள், பல ரகங்களில் நான்கு சக்கரங்களுக்கும் எந்நேரமும் செல்லும் விசை, இவையெல்லாம் சேர்ந்து எடையை இரண்டு டன்னுக்கு மேல் கொண்டுபோய்விடுகின்றன. காற்றை நேருக்கு நேராக எதிர்க்கும் சதுர வடிவமோ, வேகம் கூடக் கூடப் பெட்ரோலை மேலும் விழுங்குகிறது. 4.5 லிட்டர் என்ஜின் தருவது சுமார் 210 குதிரைச் சக்தி மட்டுமே. இன்று டர்போ பூட்டிய 2 லிட்டர் என்ஜின்கள் பலவும் அதே சக்தியை அளித்துவிடும். ஆனால் அந்தச் சிறிய யந்திரம் தன் ஆற்றலின் எல்லையருகே உழைக்க, பெரியதோ எப்பொழுதும் பாதி பலத்தில் நிதானமாகச் சுழல்கிறது. நீண்ட ஆயுளின் ரகசியம் பெரும்பாலும் இந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் மாரீ என்னும் ஊரிலிருந்து பர்ட்ஸ்வில் வரை செல்லும் பாலைநிலப் பாதையின் நீளம் 517 கிலோமீட்டர். இடையே பெட்ரோல் கிடைக்கும் விடுதி முங்கரானியில் ஒன்றுதான். 95 லிட்டர் கொள்ளும் டாங்க் நல்ல சாலையிலேயே ஏறக்குறைய அத்தனை தூரத்துக்குத்தான் போதும்; மணலிலும் சரளையிலும் அதுவும் குறையும் என்பதால், நெடுந்தூரம் போகிறவர்கள் கூடுதல் டாங்க் ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். அத்தகைய வழியில் வண்டி நின்றுவிட்டால் மெக்கானிக்கும் இல்லை, நிழலும் இல்லை. செலவாகும் ஒவ்வொரு லிட்டரும் திரும்பி வருவோம் என்ற நிச்சயத்துக்காகக் கொடுக்கும் விலை என்று அவர்கள் கருதுவது முற்றிலும் நியாயமே.

ஆனால் நம்பத்தகுந்த வாகனம் என்றால் கவனிக்க வேண்டாத வாகனம் என்று பொருளல்ல. முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் உள்ள உருண்டைக் கூடுகளுக்குள் கிரீஸ் நிறைந்திருக்கிறது; காலப்போக்கில் ஆயில் சீல் தேய்ந்து, எண்ணெய் உள்ளே கசிந்து, கிரீஸோடு கலந்து சக்கரத்தின் உட்புறமாக வழியத் தொடங்கும். உடனே பிரித்துச் சுத்தம் செய்து புதுச் சீல்கள் இட்டால் மறுபடியும் பல்லாண்டுகளுக்குக் கவலையில்லை. அலட்சியம் செய்தாலோ பேரிங்குகளும் இணைப்புகளும் கெட்டுவிடும். என்ஜினின் பின்புறத்தில், கைக்கும் கண்ணுக்கும் எளிதில் எட்டாத இடத்தில், ஹீட்டருக்குச் செல்லும் ஒரு சிறு ரப்பர் ஹோஸ் இருக்கிறது. அதன் விலை அற்பம். அது வெடித்துக் கூலன்ட் முழுவதும் வெளியேறி, ஓட்டுபவர் அதைக் கவனியாமல் சற்றுத் தூரம் போய்விட்டால், ஹெட் கேஸ்கட் போய்விடும். அதற்கு ஆகும் செலவு பழைய வண்டியின் சொந்தக்காரரைக் கலங்கவைக்கப் போதுமானது. ஆகையால் அனுபவசாலிகள், பழைய வண்டி கைக்கு வந்தவுடன் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று அந்த ஹோஸை மாற்றிவிடுவதுதான்.

நகரத்துக்குள் அலுவலகம் போய்வர இதை வைத்திருப்பவர்களுக்குப் பாலைப் பாதையில் செல்பவர்களின் நியாயம் பொருந்தாது. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவர், 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் பிடிக்கும் காருக்குப் பதிலாக 18 லிட்டர் பிடிக்கும் இதை ஓட்டினால், மிகையாகச் செலவாவது 1,500 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு வெளிப்படுகிறபடியால், மூன்று டன்னுக்கு மேல் அநாவசியமாக ஆகாயத்தில் கலக்கிறது. புதிய கார் ஒன்றை உற்பத்தி செய்வதிலும் மாசு உண்டு, பழையதைப் பேணுவதே சிக்கனம் என்ற வாதம் ஓரளவு உண்மையேயாயினும், இவ்வளவு தூரம் ஓட்டுபவருக்குச் சில வருஷங்களிலேயே அது செல்லாமற்போய்விடும். சிறிய கார் ஒன்றை அன்றாடத்துக்கு வைத்துக்கொண்டு, கரடுமுரடான பிரயாணங்களுக்கு மட்டும் இதை வெளியே எடுப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய வண்டி எவ்வளவு காலம் உழைக்கும்? இதற்கு முந்திய 60-வரிசை வண்டியொன்றில் 1984-இல் புறப்பட்ட எமில், லிலியானா ஷ்மிட் என்ற ஸ்விஸ் தம்பதியர், உலகத்தின் பெரும்பாலான நாடுகளையும் கடந்து 7 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் அதே வண்டியில் சென்றிருக்கிறார்கள். என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கலாம், கியர்பெட்டியை மாற்றலாம், உதிரி பாகங்களும் இன்றுவரை கிடைத்துக்கொண்டிருக்கின்றன. துரு ஒன்றுதான் பரிகாரமற்றது. கடற்கரை மணலில் ஓடிய வண்டிகளிலும், பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் ஓடியவற்றிலும், என்ஜின் உயிரோடிருக்கையிலேயே சேஸிஸ் உள்ளிருந்து அரிக்கப்பட்டிருக்கும். எனவே பழைய லேண்ட் குரூசர் வாங்கப் போகிறவர், ஓடிய தூரத்தைப் பார்க்குமுன், ஒரு விளக்கையும் சிறு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துச் சேஸிஸை நெடுகத் தட்டிப் பார்ப்பது நல்லது.