காவல் நாய்க்குச் சாம்பார் சோறு போடலாமா?

டெல்டா மாவட்டங்களில் ஒரு கறவை மாடு, நான்கு ஆடு, பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டில் பெரும்பாலும் ஒரு நாயும் இருக்கும். களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது இரவுக் காவல் அதுதான். ஆட்டுக்கொட்டகைப் பக்கம் வெளிநாய்களை நெருங்கவிடாமல் குரைப்பதும், வரப்பில் எலி வளையைத் தோண்டுவதும் அதுதான். மாட்டுக்குத் தவிடு எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு என்று கணக்கு வைத்திருக்கும் குடும்பத்தில்கூட, நாய்க்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் 'மிச்சம் மீதிதான்' என்றே பதில் வரும். அந்த மிச்சம் மீதியில் முதலிடம் சாம்பார் சோற்றுக்கு. பிரச்னையும் அங்கேதான் இருக்கிறது.

சாம்பாரில் சின்ன வெங்காயம் இருக்கிறது. ரசத்தில் பூண்டு இருக்கிறது. மனிதருக்கு நல்லது செய்யும் இந்த இரண்டும் நாய்க்கு ஆகாது. இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்துக்கு உள்ளாக்குகின்றன. ஹீமோகுளோபின் திரிந்து, சிவப்பணுவுக்குள் சிறு சிறு கட்டிகளாக ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட அணுக்களை உடலே உடைத்து வெளியேற்றிவிடும். விளைவு, ரத்தசோகை. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் பெரிய பாதிப்பு தெரிகிறது. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு இது கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஒரு கரண்டி சாம்பாரில் அவ்வளவு வெங்காயம் வராது என்பது உண்மைதான். ஆனால், சிறிது சிறிதாகத் தினமும் போனாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே வரும். கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து அள்ளி வரும் பிரியாணியும் வெங்காயப் பச்சடியும் ஒரே வேளையில் அந்த அளவைத் தாண்டிவிடும். வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. வெந்தாலும், வதங்கினாலும், பொடியானாலும் அது அப்படியேதான் இருக்கும்.

தின்ற அன்றே அறிகுறி தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. பெரும்பாலும் சில நாள்கள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும். ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். உண்ணியால் பரவும் பபேசியா காய்ச்சலிலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால், கண்ணால் பார்த்து இதுதான் என்று முடிவுகட்ட முடியாது. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் தாக்கக்கூடியது. கொடுக்கவே கூடாது.

துருவும் தடுப்பும்

ஆக்சிஜனேற்றம் என்பது விவசாயிக்குப் புதிதல்ல. மழையில் கிடந்த கலப்பைக் கொழு துருப்பிடிப்பதும், எண்ணெய் நாள்பட்டுச் சிக்கு வாடை அடிப்பதும் அதனால்தான். உடலுக்குள்ளும் சத்துகள் எரியும்போது இதே வேலை ஓயாமல் நடக்கிறது. அதைக் கட்டுக்குள் வைப்பவைதான் ஆன்டி-ஆக்ஸிடன்ட்கள். வைட்டமின் ஈ, செலினியம், பீட்டா கரோட்டின் போன்றவை உணவிலிருந்து வர வேண்டும். வைட்டமின் சி-யை மட்டும் நாய் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். எனவே, நெல்லிக்காயும் எலுமிச்சையும் நல்லதாயிற்றே என்று நாய்க்குப் பிழிந்து ஊற்ற வேண்டிய அவசியமில்லை.

வைட்டமின் ஈ-தான் முக்கியம். அது கொழுப்பில் கரைந்து, செல்களின் சவ்வில் உட்கார்ந்து காவல் காக்கிறது. கெட்டுப்போன கொழுப்பு உணவில் வந்தால், அந்த வைட்டமின் அதை எதிர்த்தே தீர்ந்துபோகும். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் கருவாட்டில் விலைபோகாத தலையையும் தூளையும் நாய்க்கென்று வாங்கிவந்து மாதக்கணக்கில் வைத்துப் போடும் பழக்கம் சரியல்ல. அதில் உப்பும் அதிகம், மீன் கொழுப்பும் கெட்டிருக்கும். முடி மினுமினுக்கும் என்று வடை சுட்ட பழைய எண்ணெயைச் சோற்றில் ஊற்றுவதும் இதே கணக்குதான். வைட்டமின் ஈ தொடர்ந்து குறைந்தால் தசை தளரும், விழித்திரை கெடும்.

தவிடு விஷயத்துக்கு வருவோம். நெல் விளையும் மண்ணில் இது வராமல் இருக்காது. தவிட்டில் 15 முதல் 20 சதவிகிதம் எண்ணெய். அதில் வைட்டமின் ஈ வகைகளும், ஒரைசனால் என்ற ஆன்டி-ஆக்ஸிடன்டும் நிறைய இருக்கின்றன. ஆனால், அரிசியைத் தீட்டிய உடனே தவிட்டிலுள்ள லைபேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். பச்சரிசித் தவிடு சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிப்பது இதனால்தான். புழுங்கல் நெல்லில் அவிக்கும் சூட்டிலேயே நொதி செயலிழந்துவிடுவதால் இந்தச் சிதைவு குறைவு. 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில், ஈர நெல்லைக் காப்பாற்ற வழி தேடும் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் இருக்கும் ஊர் இது. தவிட்டின் அருமை இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காக நாய்க்குத் தவிட்டை அள்ளிப்போடக் கூடாது. நார் அதிகமாகி வயிறு கழியும். தவிடு மிகுந்த தீவனத்தில் நாயின் ரத்தத்தில் டாரின் என்ற சத்து குறைவதாகவும் ஆய்வுகள் உள்ளன. இதயத்துக்குத் தேவையான சத்து அது.

பை உணவு வாங்குபவர்களுக்கு

கும்பகோணம், மன்னார்குடி கடைத்தெருக்களில் இப்போது நாய் உணவுப் பைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. 'ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதிக விலை கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பையில் சேர்க்கப்படும் ஆன்டி-ஆக்ஸிடன்டின் முதல் வேலை, உணவிலுள்ள கொழுப்பு கெடாமல் காப்பது. பி.ஹெச்.ஏ, பி.ஹெச்.டி போன்ற செயற்கைப் பொருள்களும், டோகோபெரால், ரோஸ்மேரி சாறு போன்ற இயற்கைப் பொருள்களும் இதற்காகச் சேர்க்கப்படுகின்றன. எத்தாக்ஸிகுயின் என்ற பொருளுக்குத் தீவனத்தில் கொடுத்திருந்த அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் நிறுத்திவைத்தது. இயற்கைப் பொருள்கள் சேர்த்த உணவு பொதுவாகச் சீக்கிரம் கெடும். ஒரு நாய்க்கு 20 கிலோ பை வாங்கி, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வாய் திறந்து வைத்தால் எந்தத் தடுப்பானும் நிற்காது. சிறிய பையாக வாங்கி, அந்தப் பையோடு மூடியுள்ள டப்பாவில் வைப்பதே சரி. டப்பாவில் கொட்டி வைத்தால், அடியில் ஒட்டிய பழைய கொழுப்பு புதியதையும் கெடுக்கும். பூசணம் பிடித்த உணவையோ கடலைப் புண்ணாக்கையோ வெயிலில் காயவைத்துப் போடவே கூடாது. அஃப்ளாடாக்ஸின் வெயிலில் போகாது. நாயின் கல்லீரல் அதைத் தாங்காது.

வயதான நாய்களுக்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட் பலன் தருமா என்ற கேள்விக்கு ஓரளவு நல்ல பதிலே இருக்கிறது. கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் நார்டன் மில்கிராம் குழுவினர் வயதான பீகிள் நாய்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2005-ல் முடிவுகளை வெளியிட்டனர். வைட்டமின் ஈ, சி, கேரட், தக்காளி, பசலைக்கீரை வகை உள்ளிட்டவை சேர்த்த உணவோடு, நடை, விளையாட்டு, துணை நாய் ஆகியவையும் கிடைத்த நாய்கள், கற்கும் திறனில் மற்றவற்றைவிட நன்றாக இருந்தன. சங்கிலியில் கட்டியே கிடக்கும் நாய்க்கு மாத்திரை வாங்கித் தருவதைவிட, காலையில் வயலுக்கு அழைத்துப்போவது செலவில்லாத வேலை.

செலவில்லாத உணவும் உண்டு. சாம்பார் கொதிப்பதற்கு முன்பே, வெங்காயம் சேராத வெந்த பருப்பில் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடலாம். அதைச் சோற்றில் பிசைந்து, வேகவைத்த முட்டையோ, முள் நீக்கி வேகவைத்த மத்தி மீனோ சேர்க்கலாம். வெந்த பரங்கிக்காய் ஒரு கைப்பிடி, முருங்கைக்கீரை கொஞ்சம் போதும். பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் திறன் நாய்க்கு உண்டு. வெறும் சோற்றில் வளரும் நாய்க்கு முதலில் குறைவது புரதம்தான். அதைச் சரிசெய்யாமல் ஆன்டி-ஆக்ஸிடன்ட் பற்றிப் பேசிப் பயனில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு மாற்றாக எந்த உணவும் கிடையாது.

ஈறு வெளுத்திருந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றே கொண்டுபோக வேண்டும். கடந்த ஒரு வாரத்தில் நாய் தின்றவை, விருந்து எச்சில் உட்பட, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடம்பில் உண்ணி இருந்ததா, வீட்டில் ஏதேனும் மாத்திரை கொடுத்தீர்களா என்பதையும் அவர் கேட்பார்.